கலையரங்கம் குத்தகைக்குப் போகிறதா? புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு கையேடு

"கலையரங்கத்த ஏலம் விடப் போறாங்களாம்ணே" என்று ஒரு தம்பி போனில் சொல்வார். கேட்டதும் ஒரு பேனர் அடிக்கத் தோன்றும். பேனரைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். எங்கள் ஊரில் முதல் தடவை அதைத்தான் முதலில் செய்தோம். பேனர் தொங்கிய அன்று விசாரித்தால், ஒப்பந்தக்காரர் கையில் பணி ஆணை போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஊர். நகராட்சியா பேரூராட்சியா என்பதைக்கூடச் சொல்லாமல் விடுகிறேன். அதே அலுவலகத்தில்தான் இன்றைக்கும் வீட்டு வரி கட்டுகிறோம். ஒரு திறந்தவெளி மேடை, முன்னால் மணல் திடல், பின்னால் இரண்டு ஒப்பனை அறை. அவ்வளவுதான் சொத்து. அதை ஒரு தடவை இழந்தோம். குத்தகை முடிந்து அடுத்த தடவை விடப் பார்த்தபோது தடுத்தோம். நான் வக்கீல் இல்லை, நாடகக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவன். தோற்றதிலும் ஜெயித்ததிலும் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

நடப்பது எந்த வகை?

'தனியாருக்குக் கொடுக்கிறார்கள்' என்ற பேச்சுக்குள் மூன்று வெவ்வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. முதலாவது பராமரிப்பு ஒப்பந்தம். கூட்டிப் பெருக்க, காவல் காக்க, பல்பு மாற்ற ஓர் ஆளுக்கு உள்ளாட்சி காசு கொடுக்கும். வாடகையும் தேதியும் அலுவலகத்தின் கையிலேயே இருக்கும். இதை எதிர்த்துச் சண்டை போடாதீர்கள். கழிப்பறை சுத்தமாக இருந்தால் நமக்கும் நல்லதுதானே.

இரண்டாவது வசூல் குத்தகை. பஸ் ஸ்டாண்ட் டூவீலர் ஸ்டாண்டையும் வாரச்சந்தையையும் விடுவது மாதிரி. குத்தகைக்காரர் வருடத்துக்கு ஒரு தொகை கட்டிவிட்டு, வாடகையை அவரே வசூலித்துக்கொள்வார். மூன்றாவதுதான் பெரியது. 'மேம்படுத்திப் பராமரித்து நிர்வகித்தல்' என்று தலைப்பு இருக்கும். அவர் கூரை போடுவார், நாற்காலி போடுவார், பதிலுக்குப் பல வருடம் இடம் அவருடையது மாதிரி.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள இரண்டு கேள்வி போதும். யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள்? எந்தத் தேதி யாருக்கு என்று எழுதும் நோட்டு யாரிடம் இருக்கும்? நோட்டு கைமாறினால் அரங்கம் கைமாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வெட்டைப் படியுங்கள்

நம் பக்கத்துக் கலையரங்கங்களில் பாதிக்கு மேல் சட்டமன்ற உறுப்பினர் நிதியிலோ நாடாளுமன்ற உறுப்பினர் நிதியிலோ எழுந்தவைதான் என்பது என் கணிப்பு. மேடைச் சுவரில் கருங்கல் பலகை ஒன்று பதித்திருப்பார்கள். எங்கள் மேடையில் அது சுருட்டி வைத்த சீன் படுதாவுக்குப் பின்னால் இருந்தது. உப்புக் காற்றில் எழுத்தின் சாயம் முழுக்க உதிர்ந்து, கறுப்புக் கல்லில் கறுப்பு எழுத்து. பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஒரு சாக்பீஸ் வாங்கிப் படுக்கவைத்துத் தேய்த்தோம். கல் வெளுத்தது, வெட்டிய எழுத்து மட்டும் கறுப்பாக நின்றது. எந்த நிதி, எந்த ஆண்டு, எவ்வளவு மதிப்பீடு, எல்லாம் வந்துவிட்டது. அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் முக்கியம்? நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் கட்டியது பொதுமக்கள் பயன்பாட்டுக்கான சொத்து என்பதுதான் அந்தத் திட்டத்தின் அடிப்படை. அந்தக் கோப்பு ஆட்சியர் அலுவலக வளாகத்தில், ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கும். 'மக்கள் பயன்பாட்டுக்கு என்று நிதி வாங்கிக் கட்டியதை லாபத்துக்கு நடத்தக் கொடுக்கலாமா?' என்று எழுத்தில் கேட்டால், பதில் எழுத வேண்டியவர் கொஞ்சம் யோசிப்பார்.

அடுத்து நிலம். சர்வே எண்ணை வைத்து நில ஆவணத்தைப் பாருங்கள். சில இடங்களில் மேடை மட்டும் உள்ளாட்சியுடையது, திடல் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ உரியதாக இருக்கும். கோயில் நிலம் என்றால், ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட இந்து சமய அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு. யாரோ ஒரு பெரியவர் 'நாடகம், கூத்து நடத்த' என்று எழுதிக் கொடுத்த நிலமாக இருந்தால் இன்னும் விசேஷம். பத்திரத்தின் நகலைத் தேடி எடுங்கள். கடலை ஒட்டிய இடத்தில் கடை, உணவகம் என்று புதுக் கட்டடம் எழுப்பும் திட்டமும் சேர்ந்திருந்தால், கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வாங்கினார்களா என்று கேட்க மறக்காதீர்கள்.

பதினைந்து நாளும் முப்பது நாளும்

நாங்கள் முதல் தடவை தோற்றது இந்த இடத்தில்தான்.

தகவல் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) 2005-இன்படி மனுப் போட்டால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு. தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகள் 2000-இன்படி, 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு அறிவிப்பிலிருந்து கடைசி நாள் வரை குறைந்தது 15 நாள் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால்தான் 30 நாள். அதாவது அறிவிப்பைப் பார்த்துவிட்டு மனுப் போட்டால், பதில் வரும்போது பெட்டி திறந்து மூடியாகியிருக்கும். எங்களுக்கு இருபத்தெட்டாம் நாள் அழகான பதில் வந்தது. வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் டெண்டர் நோட்டீஸுக்குக் காத்திருக்காதீர்கள். அதற்கு முன்பே மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்திருக்கும். மாதாந்திரக் கூட்ட அஜெண்டா கவுன்சிலர் கைக்கு முன்கூட்டியே போய்விடும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் மாதம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பாருங்கள். 'கலையரங்கம்' என்ற சொல்லை மட்டும் தேடினால் போதாது. 'வருவாய் இனங்கள்', 'பயன்பாடற்ற சொத்துகளை மேம்படுத்துதல்' என்ற தலைப்புகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும். கூட்டம் நடக்கும்போதே மேஜையில் வைக்கிற அவசரப் பொருளும் உண்டு. அதைப் பிடிக்க உள்ளே நமக்கு ஒரு கவுன்சிலராவது வேண்டும். அரசின் டெண்டர் இணையதளத்தை வாரம் ஒரு தடவை பார்க்கும் வேலையை போனே கதி என்று கிடக்கும் தம்பி ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

ஆர்டிஐ மனுவை இப்போதே, ஒன்றும் நடக்காத நேரத்தில் போடுங்கள். வெள்ளைத் தாள், பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரி. 'ஏன்' என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டு முன்பதிவுப் பதிவேடு, வாடகை நிர்ணயித்த மன்றத் தீர்மானம், அரங்கத்தின் வருவாய், மின் கட்டணம், பராமரிப்புச் செலவு, கடைசி உள்ளாட்சி நிதித் தணிக்கையில் அரங்கம் பற்றி எழுப்பிய தடைகள், குத்தகை தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள், அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

பதிவேடுதான் ஆயுதம்

'அரங்கம் சும்மா கிடக்கிறது, வருமானமே இல்லை' என்பதுதான் எல்லா ஊரிலும் சொல்லும் காரணம். கூடவே ஒரு போட்டோ காட்டுவார்கள். எங்கள் ஊரில் காட்டிய படத்தில் மேடைக்கு முன்னால் முழங்கால் தண்ணீர். எடுத்தது கார்த்திகை மாதம். வடகிழக்குப் பருவமழையில் திறந்தவெளி மேடையில் யார் ஆடுவார்கள்? பங்குனியிலிருந்து ஆடி வரை வந்து பார்க்கட்டும். அதனால் பதிவேட்டை முழு வருடத்துக்கும் எடுங்கள். மாதவாரியாக நாட்களைக் கூட்டி ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

பதிவேட்டில் ஏறாத பயன்பாடும் உண்டு. மூன்று நாள் சாயங்காலம் திடலில் போய் உட்காருங்கள். சிலம்பம் பழகும் பிள்ளைகள், ஒயிலாட்ட ஒத்திகை பார்க்கும் ஆட்கள், கும்மி கற்றுக்கொடுக்கும் அக்கா, வெயில் தாழ வந்து வலை பின்னும் பெரியவர்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் ஒப்பனை அறையில் யார் வீட்டுச் சாமான் இருக்கும் என்பதையும் எழுதுங்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனதைப் பாட்டி வாயால் கேட்ட ஊர்கள் இவை. கான்கிரீட் கூரை போட்ட பொதுக் கட்டடம் என்பதற்கு இங்கே வேறு அர்த்தம் உண்டு.

கோயில் திருவிழாக் கமிட்டி, சந்தனக்கூடு கமிட்டி, தவக்காலத்தில் பாஸ்கா என்ற ஏசுவின் பாடுகள் நாடகம் போடும் தேவாலயப் பங்கு, பள்ளிக்கூட ஆண்டு விழா, ராமநாதபுரம் அரசு இசைப்பள்ளியில் படித்துவிட்டு மேடை தேடும் பிள்ளைகள் என்று எல்லோரிடமும் ஒரு கடிதம் வாங்குங்கள். 'இந்த ஆண்டு இத்தனை நாள் இங்கே நிகழ்ச்சி நடத்தினோம், கட்டிய வாடகை இவ்வளவு.' இரண்டு வரி, கையெழுத்து, முத்திரை. நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

நிபந்தனைத் தாளில் எங்கே பார்ப்பது

டெண்டர் ஆவணம் எத்தனை பக்கம் இருந்தாலும், நம்மைக் கடிக்கும் வரிகள் ஐந்தாறுதான். வாடகையை யார் நிர்ணயிப்பது, வருடா வருடம் எவ்வளவு ஏற்றலாம்? உள்ளூர்க் கலைக்குழுவுக்கும் பள்ளிக்கும் வருடத்தில் எத்தனை நாள் ஒதுக்கீடு, அதில் சனி ஞாயிறு உண்டா? மேல்குத்தகைக்கு விடலாமா? கூரை ஒழுகினால் யார் பொறுப்பு? உப்புக் காற்றில் இரும்புத் தூண் இற்றுப் போகும். அதைக் குத்தகைக்காரர் தலையில் எழுதாமல் விட்டிருந்தால், வாடகை அவருக்கு, துரு நமக்கு. நிகழ்ச்சியை மறுக்க அவருக்கு உரிமை உண்டா? உண்டு என்றால், ஊர்ப் பிரச்சினையைப் பபூன் வாயால் பேசும் நாடகம் இனி ஏறாது.

நாங்கள் முதல் தடவை கவனிக்காமல் விட்ட வரி வேறு. 'ஒலி, ஒளி, இருக்கை ஆகியவற்றை ஒப்பந்ததாரர் மூலமாகவே பெற வேண்டும்.' சாதாரண வரியாகத் தெரிகிறதா? ஊரில் உள்ள மைக்செட்காரர்கள், பந்தல்காரர், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர், எல்லோர் பிழைப்பிலும் அன்றைக்கு மண் விழுந்தது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பழைய வாடகை ஓர் இரவுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புது வாடகை 5,000. ஒப்பந்தக்காரர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம் சேர்ந்து 5,900. தெரிந்த மைக்செட்காரர் கடனுக்கு வருவார். புது செட் முன்பணம் கட்டினால்தான் வரும். தலைக்கட்டு வரி போட்டு நாடகம் வைக்கிற தெருவுக்கு இது கட்டுமா? இந்தக் கணக்கை உங்கள் ஊர் எண்களோடு ஒரு தாளில் அடியுங்கள். மைக்செட்காரரை அழைத்து முதல் கூட்டத்திலேயே முன்வரிசையில் உட்கார வையுங்கள். கலைஞர்களைவிட அவர் நன்றாகப் பேசுவார், என் அனுபவம்.

இன்னொன்று. குத்தகைக்குப் போன பிறகு ஆர்டிஐ மனுவை ஒப்பந்தக்காரரிடம் நேராகப் போட முடியாது. அவரிடமிருந்து உள்ளாட்சி சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய தகவலை மட்டும் உள்ளாட்சி வழியாகக் கேட்கலாம். அதனால், நாள்வாரி முன்பதிவையும் வசூலையும் மாதாமாதம் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கணக்கு இருட்டுக்குப் போய்விடும்.

ஆள் சேர்ப்பதும் நாள் குறிப்பதும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், கூட்டம் போட நல்ல காலம். ஆனால் கையில் காசு இருக்காது, வசூலுக்குப் போகாதீர்கள். மற்ற மாதங்களில் படகு கடலுக்குப் போகும் நாள் எது என்று கேட்காமல் தேதி குறிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியமும் ஞாயிறு காலையும் கூடாது என்பது சொல்லாமலே தெரியும்.

செப்டம்பர், அக்டோபரில் ஆர்ப்பாட்டம் வைக்கவே வைக்காதீர்கள். பரமக்குடியில் செப்டம்பர் 11 இமானுவேல் சேகரனார் நினைவு நாள், பசும்பொன்னில் அக்டோபர் 30 தேவர் ஜெயந்தி. இரண்டையும் ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144, இப்போது புதுச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இல் 163. அந்த நேரத்தில் ஐந்து பேர் நின்றாலே வழக்காகும். டெண்டர் அந்த மாதங்களில் வந்தால் மனு, பதிவுத் தபால், கவுன்சிலர் வழியாகப் போங்கள்.

ஆட்களைப் பார்க்கப் போகும்போது கட்சிக்காரரை முன்னால் விடாதீர்கள். எல்லாக் கட்சியிலும் நாடகம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கீழக்கரைப் பக்கம் ஜமாத்தில் பேச ஒரு காக்காவை (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்), மீனவர் தெருவில் பேச அங்குள்ள சங்கத்து ஆளை, கலைஞர்களிடம் பேச நல வாரிய அட்டை வைத்திருக்கும் கரகாட்டக் கலைஞரை அனுப்புங்கள். ஒப்பந்தக்காரரைத் திட்ட வேண்டாம். அவரும் நம்மூர்க்காரராகத்தான் இருப்பார். நாளைக்குக் கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்காருவார். நம் வழக்கு தீர்மானத்தோடுதான்.

மனு எங்கே

நகராட்சி ஆணையரிடம் ஒன்று, பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடம். தலைவருக்கு ஒன்று, ஒவ்வொரு கவுன்சிலருக்கும் ஒன்று. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒன்று. வார்டில் பகுதி சபை கூடினால் அங்கே எழுந்து பேசி, பேசியதைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் ஏற்புச் சீட்டு வாங்குங்கள், தேதி முத்திரையோடு. முறைகேடு தெரிந்தால் உள்ளாட்சிகளுக்கான முறைமன்ற நடுவம் இருக்கிறது, 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது.

மனுவில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென 18 பணிகள் குறித்திருக்கிறது. அதில் 13-ஆவது, பண்பாடு, கல்வி, அழகியல் மேம்பாடு. 'கலையரங்கம் நடத்துவது எங்கள் வேலையா?' என்று கேட்கும் கவுன்சிலருக்கு இந்த வரியை விரலால் காட்டலாம்.

'இதெல்லாம் நடக்குமா?' என்று கேட்பார்கள். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். விளையாடும் பையன்களுக்கு 120 என்ற எண் சட்டென்று உறைத்தது. உங்கள் ஊரிலும் அப்படி ஓர் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

சரி, பிறகு யார் நடத்துவது?

மன்றத்தில் உங்களைப் பார்த்து இதைக் கேட்பார்கள், நியாயமான கேள்வி. உள்ளாட்சி நடத்தியபோது மட்டும் என்ன வாழ்ந்தது? எங்கள் ஒப்பனை அறையில் நாலு வருடம் குழாயில் தண்ணீர் இல்லை. ராஜபார்ட் வேஷத்தோடு எதிர் டீக்கடைக்குப் போய்த்தான் முகம் கழுவினார். பழையபடியே இருக்கட்டும் என்று கேட்டால் தோற்றுவிடுவீர்கள்.

இரண்டு பக்கத்துக்கு ஒரு மாற்றுத் திட்டம் கொடுங்கள். நிர்வாகக் குழு: கவுன்சிலர், அலுவலர், கலைஞர்கள், பள்ளி, ஊர்க் கமிட்டிகள். வாடகை மூன்று அடுக்கு: கலை நிகழ்ச்சிக்குக் குறைவு, கல்யாணம் காதுகுத்துக்கு நடுத்தரம், கம்பெனி விளம்பர நிகழ்ச்சிக்குக் கூடுதல். பழுது பார்க்க நகர்ப்புற நமக்கு நாமே திட்டம். மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, மீதி அரசு. எங்கள் பங்கில் பாதியை வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே ஒப்புக்கொண்டார்கள். சட்டமன்ற உறுப்பினர் நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். அதில் ஒரு தகரக் கூரையும் கழிப்பறையும் கேட்பது பெரிய விஷயமில்லை. தகரம் என்றால் சாதாரணத் தகரம் வேண்டாம், கடற்கரையில் சீக்கிரம் ஓட்டை விழும்.

இரண்டாவது தடவை எங்களைக் காப்பாற்றியது இந்தத் தாள்தான். எதிர்த்துப் பேச வந்தோம் என்று நினைத்தவர்களிடம் கணக்கோடு போய் நின்றோம்.

நீதிமன்றம் கடைசியில். மதுரைக் கிளையில்தான் போட வேண்டும். பணி ஆணை கொடுக்கும் முன் போனால் பலம், கொடுத்த பிறகு இழுபறி. வக்கீலுக்குக் காசு இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அப்படி ஒருவர் மனுதாரராக இருந்தால் வழி எளிது.

தீர்மானம் கைவிடப்பட்டது என்று வாய்மொழியாகச் சொன்னால் நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். தீர்மான நகல் கையில் வரும் வரை அலையுங்கள். எங்களுக்கு நகல் வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு வருவாய்ப் பிரிவு ஜன்னலில் நின்றோம். மாசி, பங்குனியில் நாலு தேதி எழுதிப் பணம் கட்டினோம். எழுத்தர் ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஒப்பனை ரூம் சாவி இப்ப யார்கிட்டண்ணே இருக்கு?" என்று எங்களையே கேட்டார். பழைய குத்தகைக்காரர் திருப்பித் தரவே இல்லை. நீங்கள் போகும்போது ஒரு புதுப் பூட்டும் வாங்கிக்கொண்டு போங்கள்.